கடை விற்பனையைப் போன வருஷத்தோடு ஒப்பிடுவதா, போன மாதத்தோடு ஒப்பிடுவதா?

இந்தியச் சில்லறை வணிகர் சங்கம் மாதாமாதம் வெளியிடும் விற்பனை ஆய்வில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்கள். துணி, நகை, காலணி எனத் துறைவாரியாகவும் பார்க்கலாம். எல்லாமே போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்ட வளர்ச்சிதான்.

நம் ஊருக்கு இது பொருத்தம். ஆடியில் ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடிப் புடவைக் குவியலைச் சுற்றி நிற்க இடமிருக்காது. அதே ஆடியில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். ஆனியோடு ஒப்பிட்டால் ஒரு துறை பறப்பது போலவும் இன்னொன்று படுத்துவிட்டது போலவும் தெரியும். இரண்டுமே பஞ்சாங்கத்தின் வேலை.

ஆனால் பண்டிகை நகர்கிறதே! தீபாவளி 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. அதனால் 2023 அக்டோபர் மந்தமாகத் தெரிந்தால் பயப்படக் கூடாது. கேரளத்தில் ஓணமும் இப்படித்தான்: 2023-ல் ஆகஸ்ட் 29, மறு வருஷம் செப்டம்பர் 15.

சரி, மாதத்துக்கு மாதம் பார்ப்பதால் என்ன லாபம்? திடீர்த் திருப்பம் உடனே தெரியும். 2025 ஆகஸ்ட் 15-ல் ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்ததும் கார் வாங்க இருந்தவர்கள் காத்திருந்தார்கள்; செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமானது. அமெரிக்காவில் பருவ, பண்டிகை ஏற்ற இறக்கத்தைக் கழித்தே மாத எண்ணைத் தருகிறார்கள். அந்த வசதி இல்லாத நிலையில் என் ஓட்டு வருட ஒப்பீட்டுக்கே. அக்டோபர், நவம்பரை மட்டும் கூட்டிச் சேர்த்தே பார்ப்பேன்.