கொம்பின் விம்மல்: நான்கு ஆண்டுகள் காணொளி வழியே தோரா கற்ற அனுபவம்

2021 அக்டோபரில், யூத நாட்காட்டியின் 5782-ஆம் ஆண்டு பிறந்து சில வாரங்கள் ஆனபோது, தோராவின் முதல் பகுதியான பெரேஷித் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்தேன். அடுத்த வாரம் நோவா, அதற்கடுத்த வாரம் ஆபிரகாமின் புறப்பாடு. இப்படியே நான்கு சுற்றுகள் முடிந்துவிட்டன. நான் யூத மரபைச் சேர்ந்தவள் அல்ல. தமிழ் வேதாகமம் வாசித்து வளர்ந்தவள். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து புத்தகங்களே தோரா என்பது தெரியும். அவற்றை யூதர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பது தெரியாது. அந்த ஆவலில்தான் தொடங்கினேன்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, மூலத்தைத் திறக்காமல் காணொளியை மட்டும் பார்த்தது. தோரா 54 வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் பராஷா என்கிறார்கள். பிம்பாம் என்ற அமைப்பு இவற்றுக்குச் சில நிமிட அசைபடங்களைத் தயாரித்தது. 2019-இல் அதன் தயாரிப்பு நின்றுவிட்டாலும் பழைய படங்கள் இன்னும் கிடைக்கின்றன. அழகானவை, குழந்தைகளுக்குத் தயங்காமல் காட்டலாம். ஆனால் கதை மனத்தில் நின்றதே தவிர, சொல் நிற்கவில்லை. இரண்டாம் ஆண்டில் செஃபாரியா தளத்தை அருகில் திறந்து வைத்துக்கொண்டேன். எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும், பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி என்ற யூத அறிஞரின் விளக்கவுரையும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பாடத்தை இடையிடையே நிறுத்தி, வசனத்தைப் படித்து, மீண்டும் ஓடவிடுவேன். இருபது நிமிடக் காணொளிக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதன்பிறகுதான் கற்கத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

ஓர் உதாரணம். நோவாவின் பேழைக்கு எபிரேயத்தில் தேவா என்று பெயர். குழந்தை மோசேயை வைத்து நதியோரம் விட்ட கூடைக்கும் அதே சொல்தான். தோராவில் இந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் அது வருவதில்லை. தமிழ் வேதாகமத்தில் முன்னது பேழை, பின்னது நாணற்பெட்டி. எத்தனை முறை வாசித்திருப்பேன்! இரண்டும் ஒன்றென்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டுக்கும் கீல் பூசுகிறார்கள், இரண்டும் தண்ணீரில் மிதக்கின்றன, இரண்டிலும் ஓர் இனத்தின் எதிர்காலம் இருக்கிறது. இப்படித் திரும்பி வரும் சொற்களைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவதில் அலெஃப் பேட்டா தளத்தின் டேவிட் ஃபோர்மன் தேர்ந்தவர். அங்கே ஒரு பகுதி இலவசம்; மீதிக்குச் சந்தா கட்ட வேண்டும்.

பண்டிகைகளில் எனக்குப் பெரிய திறப்பு யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா. லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் அதை ஆண்டுப் பிறப்பு என்று சொல்வதே இல்லை. ஏழாம் மாதத்தின் முதல் நாள், தெருவா ஒலிக்கும் நாள் என்கிறது. தமிழில் எக்காளச் சத்தம். எக்காளம் என்றதும் என் மனத்தில் வெற்றி முழக்கம்தான் கேட்கும். ஆட்டுக்கடாவின் கொம்பான ஷோஃபாரை முதல்முறை காணொளியில் கேட்டபோது திகைத்துப் போனேன். தெக்கியா ஒரே நீண்ட ஒலி. ஷெவாரிம் மூன்றாக உடைந்த பெருமூச்சு. தெருவா சின்னச் சின்னதாக விட்டு விட்டு வரும் கேவல். பாடம் நடத்தியவர், யூத சமய அறிஞர்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்முத்திலிருந்து காரணம் சொன்னார். தெருவா என்ற சொல்லை அரமேய மொழிபெயர்ப்பு அழுகை என்று பெயர்க்கிறது. அந்தச் சொல்லின் சாயல் நியாயாதிபதிகள் புத்தகத்தில் தெபோராளின் பாட்டில் வருகிறது: போருக்குப் போன மகன் திரும்பாததால் சாளரத்தருகே நின்று புலம்பும் சிசெராவின் தாய். அவளுடைய அழுகை பெருமூச்சா, கேவலா என்று ரபிகளுக்கு ஐயம் எழுந்ததால் இரண்டையும் ஊதுகிறார்கள்.

சிசெரா இஸ்ரவேலின் எதிரிப் படைத்தலைவன். பகைவனின் தாய் அழுத அழுகையை அளவுகோலாக வைத்துத் தம் புனித நாளின் ஒலியை வகுத்திருக்கிறார்கள்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை நான் எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் ஒரு தகவலாகத்தான் கடந்திருப்பேன். காதால் கேட்டதால் உள்ளே இறங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. தானாக உருவாகும் துணையெழுத்து எபிரேயச் சொற்களைச் சிதைத்துவிடுகிறது. ஒருவர் சுக்கோத் என்பார், இன்னொருவர் சுக்கோஸ் என்பார். இரண்டும் ஒரே கூடாரப் பண்டிகை என்று புரியவே எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. 2022-இல் இன்னொரு குழப்பம். பெசாக் என்ற பஸ்கா பண்டிகை இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள். அந்த ஆண்டு எட்டாம் நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையில் விழுந்தது. வெளிநாடுகளில் அன்று வாரப் பகுதிக்குப் பதில் பண்டிகைக்குரிய பகுதியை வாசித்தார்கள்; இஸ்ரேலில் வாரப் பகுதி தொடர்ந்தது. அதனால் எருசலேமில் இருந்த ஆசிரியர் பல வாரங்களுக்கு மற்றவர்களைவிட ஒரு பகுதி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் ஏதோ ஒரு வாரத்தைத் தவறவிட்டேன் என்று தேடித் தேடி அலுத்தேன். பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வகுப்பில், சந்தாவை நிறுத்தச் சொல்லியும் இரண்டு மாதங்கள் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். வருத்தம்தான்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பண்டிகைகள் பற்றித் தமிழில் எனக்குக் கிடைத்த காணொளிகள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பிரசங்கங்கள். அவற்றுக்கு அவற்றின் இடம் உண்டு. நானும் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் யூதர்கள் தம் பண்டிகையை எப்படிப் புரிந்துகொண்டு கடைப்பிடிக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்பதே முறை.

கடைசியாக, நான் மெதுவாகப் புரிந்துகொண்ட ஒன்று. மரபைக் கண்டிப்பாகப் பேணும் ஆசிரியர்கள் ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் எதையும் பதிவு செய்வதில்லை. சீர்திருத்த மரபுச் சபைகள் சில நேரலையாகக் காட்டுகின்றன. என் ஆசிரியர்களின் உலகில் அது இல்லை. ஆகவே நான் பார்த்த, பெசாக் இரவுக்குரிய செடர் விருந்துகள் எல்லாமே முன்கூட்டிச் செய்து காட்டிய விளக்கங்கள். முதலில் இது பெரிய குறையாகப் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய மாதம் எலுல். நடு, கிழக்கு ஐரோப்பிய யூத மரபான அஷ்கெனாசி வழக்கப்படி அந்த மாதத்தின் சாதாரண நாட்களில் காலை வழிபாடு முடிந்ததும் ஷோஃபார் ஊதுகிறார்கள். வேலை நாள் என்பதால் அதைப் பதிவு செய்யத் தடையில்லை. எலுல் வந்தால் காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் அதைக் கேட்பேன். மாதத்தின் கடைசி நாளில், பண்டிகைக்கு முந்தைய தினம், ஊதுவதை நிறுத்திவிடுவார்கள். அன்று மாலைக்குப் பிறகு நான் பின்தொடரும் பக்கங்களில் இரண்டு நாட்களுக்குப் புதிதாக எதுவும் வராது. நானும் அந்த இரண்டு நாட்களும் பழைய பதிவுகளைத் திறப்பதில்லை.