ரைன், கங்கை, ஆலப்புழை, நைல்: ராமநாதபுரத்துக்காரர் எந்த ஆற்றுக் கப்பலில் ஏறலாம்?

ராமநாதபுரத்தில் பயண ஏற்பாடு செய்துகொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பிள்ளைகள் துபாயிலோ சிங்கப்பூரிலோ நிலைத்துவிட்டார்கள். பெற்றோரை ஒருமுறை சொகுசு ஆற்றுக் கப்பலில் அனுப்பிவைக்க ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா விலையைக் கேட்கவேயில்லை. "தம்பி, கப்பல் ஆடுமா? எனக்குத் தலை சுத்தும்" என்றார். ஆடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிலின் அருமை தெரியும். ஆற்றுக் கப்பல்களுக்கு வயதானவர்களிடம் இருக்கும் மவுசுக்கு இது ஒரு பெரிய காரணம். பெட்டியை ஒரே தடவை பிரித்து அடுக்கினால் போதும், மறுநாள் காலை அடுத்த ஊர் ஜன்னலில் நிற்கும் என்பது இன்னொன்று.

கடலில் ஓடும் பெரிய சொகுசுக் கப்பல் நீச்சல்குளம், அரங்கு, கடைத்தெரு என்று தன்னையே விற்கிறது. ஆற்றுக் கப்பல் விற்பது கரையை. ஆகவே அறையின் அகலத்தையும் மெத்தையையும் வைத்து ஒப்பிடாதீர்கள். எந்தக் கரை, அதற்கு எவ்வளவு பக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள், தண்ணீர் குறைந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

ஐரோப்பாவில் ரைனும் டான்யூபும்தான் இந்தத் தொழிலின் நாற்றங்கால். 1992-ல் மைன்–டான்யூப் கால்வாய் முழுமையடைந்த பிறகு வடகடலிலிருந்து கருங்கடல் வரை ஒரே நீர்வழி ஆகிவிட்டது. 171 கிலோமீட்டர் கால்வாயில் 16 நீர்ப்பூட்டுகள். தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, கதவை மூடி, நீரை ஏற்றியும் இறக்கியும் அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். தொட்டியின் அகலம் 12 மீட்டர்தான். அதனால் இந்த வழியில் ஓடும் கப்பல் எந்த நிறுவனத்துடையதானாலும் ஏறக்குறைய ஒரே அச்சு: அதிகம் போனால் 135 மீட்டர் நீளம், 12 மீட்டருக்குள் அகலம், 190 பேர் வரை. பாலத்துக்கு அடியில் போகும்போது மேல்தளக் கைப்பிடிகளை மடக்கி, மாலுமி அறையையே கீழே இறக்கிவிடுவார்கள்.

வியாபாரத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அறைகளைக் கூட்ட முடியாது என்றால் தலைக்கு வாங்கும் பணத்தைத்தான் கூட்ட முடியும். சுற்றுலா, வழிகாட்டி, சாப்பாட்டோடு ஒயின் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டணமாகச் சொல்வது அதற்காகத்தான். குடிக்காதவரும் அந்த ஒயினுக்குப் பணம் கட்டுகிறார். ஆற்றுக் கப்பல் நடத்தும் வைக்கிங் நிறுவனம் 1997-ல் நான்கு கப்பல்களோடு தொடங்கி 2024-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது.

பால்கனி வைத்த அறைக்குக் கூடுதல் பணம் கட்டுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துறையில் இடம் போதாத ஊர்களில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். காலையில் திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கப்பலின் திரை. கரைக்கு இறங்க அந்தக் கப்பலின் வரவேற்பறைக்குள் புகுந்துதான் போக வேண்டும். கோடையில் நீர் வற்றினால் நிலைமை இன்னும் மோசம். 2018-லும் 2022-லும் ரைனில் ஜெர்மனியின் காவுப் (Kaub) என்னும் ஊரருகே ஆழம் மிகவும் குறைந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, ஆழமுள்ள பக்கத்தில் நிற்கும் இன்னொரு கப்பலில் சேர்ப்பார்கள். வழியை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும்; கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

கங்கையில் எல்லோரும் கேட்பது கங்கா விலாஸ் கப்பலை. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் கிளம்பி, வங்கதேசம் வழியாக அசாமின் திப்ரூகர் வரை 3,200 கிலோமீட்டர், 51 நாள். 18 அறை, 36 பயணிகள், கிட்டத்தட்ட அதே அளவு பணியாளர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25,000 ரூபாய் வாக்கில் என்று அப்போது செய்தி வந்தது. முதல் பயணத்தில் பிகாரின் சாப்ரா அருகே ஆற்று நடுவில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் கரைக்குக் கொண்டுபோனார்கள். கங்கை மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஆறு. அங்கே அட்டவணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. 51 நாள் நம் ஆட்களுக்கு வேண்டாம். காசிக்கு ஏற்கெனவே போய்வந்தவர் கொல்கத்தாப் பக்கம் கங்கையின் கிளையான ஹூக்ளியில் ஒரு வாரப் பயணம் எடுக்கலாம். சுடுமண் கோயில்களும் பழைய துறைமுக ஊர்களுமாகக் கரை நெடுக விஷயம் இருக்கிறது. (2016-ன் தேசிய நீர்வழிச் சட்டம் அறிவித்த 111 நீர்வழிகளில் நம் வைகையும் ஒன்று. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கே தண்ணீர் வருமா என்று காத்திருக்கிறோம்.)

ஆலப்புழை வேறு கணக்கு. குடும்பத்தோடு கெட்டுவள்ளம் என்னும் படகுவீடு ஒன்றை முழுவதும் எடுக்கலாம், நமக்குப் பிடித்ததைச் சமைக்கச் சொல்லலாம். மீனவர்கள் இரவில் வலை விடுவதால் சாயங்காலமே படகைக் கட்டிவிடுவார்கள். ஒரு இரவு போதும்.

முதல் தடவை ஆற்றுக் கப்பல் ஏறுகிறவருக்கு என் வாக்கு நைலுக்குத்தான். எகிப்தில் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே மூன்று, நான்கு இரவு. கோம் ஓம்போவில் மேல்தளத்தில் நின்றாலே கோயில் தூண்கள் தெரியும். இறங்கி நடந்தே போய்விடலாம். கரையை விற்கிறார்கள் என்று சொன்னேனே, அது இங்கே அப்பட்டமாகத் தெரியும். எஸ்னா நீர்ப்பூட்டில் காத்திருக்கும்போது வியாபாரிகள் சிறு படகில் ஒட்டிவந்து, துணிகளைப் பையில் சுருட்டி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பேரம் படிந்தால் பணத்தை அதே பையில் போட்டுக் கீழே எறிய வேண்டும். 1970-ல் கட்டி முடித்த அஸ்வான் பேரணை இருப்பதால் ரைனைப்போல வற்றி வழிமறிப்பது அரிது. ஹலால் சாப்பாட்டைத் தேட வேண்டாம். மதுரையில் ஏறி துபாய் வழியாகப் போகலாம். லக்ஸரில் இங்கேயும் கப்பல்களை ஒட்டிக் கட்டுவார்கள். அது பிடிக்காதவர்கள் 'தஹபியா' என்னும் பாய்மரப் படகைக் கேட்கலாம். அறைகள் சில மட்டுமே, ஓசையற்ற கரைகளில் நிற்கும், விலை கூடும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள்.

நம் கரைக்கும் இப்படி ஒரு சொகுசுக் கப்பல் வராதா என்று கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. பாலம் தூக்கினால் கப்பலின் தலைக்கு மேலே இடம் கிடைக்கும். காலுக்குக் கீழே கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையும், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல்லும் ஆழம் குறைந்த தண்ணீரில்தான் இருக்கின்றன. கங்கா விலாஸ் 1.4 மீட்டர்தான் நீரில் அமிழும் என்பார்கள். ஆனால் அதன் நங்கூரமும் உந்துவிசிறியும் கழிவுநீரும் சேர்ந்துதான் கணக்கு.

தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும் சாப்பிடலாம். சொகுசு கேட்பவர்களுக்கு இதன்மேல் கட்ட வேண்டும்: அதே அளவுப் படகு, நிழலும் நல்ல இருக்கையும், பறவைகளின் பெயர் சொல்லத் தெரிந்த உள்ளூர்ப் பையன், ராத்தங்க ஊருக்குள்ளேயே சுத்தமான நான்கு அறை. 12 மீட்டர் தொட்டிக்கு ஏற்றபடி ஐரோப்பியர் கப்பலை வெட்டிக்கொண்டார்கள். நம்முடைய அளவைக் கடற்புல்லின் ஆழம் சொல்லட்டும். அனுமதி கேட்டு வரும் எந்த முதலாளிக்கும் அதுவே முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.