சூடானால் மட்டும் மக்கர்: பழைய 100 சிசி பைக் அனுபவம்

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். திருச்சி ஸ்ரீரங்கத்தில் கிளம்பி காவிரிப் பாலம், சத்திரம், பால்பண்ணை வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. அரியமங்கலம் தாண்டி காட்டூர் நெருங்கும்போது லேசாக ஒரு வெட்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இழுக்காது, விட்டால் சைலன்சரில் பொட்டுப் பொட்டென்று வெடிக்கும். திருவெறும்பூரில் சிக்னலுக்கு நின்றால் ஆஃப். அதற்கப்புறம் எத்தனை உதைத்தாலும் சட்டை நனைவதுதான் மிச்சம். வண்டியை நிழலில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து, பேப்பரும் படித்துவிட்டு வந்து உதைத்தால், எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஒரே உதை.

வண்டி 1999 மாடல், 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். ஒரு காலத்தில் தெருவுக்குப் பத்து நின்ற வகை என்பதால் மைலேஜ், பவர் கதையெல்லாம் சொல்லப் போவதில்லை. சூடானால் மட்டும் வருகிற இந்த ஒரு வியாதியைப் பற்றித்தான் பேச்சு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தண்டமாகச் செலவழிப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது என்பது என் எண்ணம்.

மெக்கானிக்கைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் மேல் பெரிய தப்பில்லை. பட்டறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. டாக்டர் வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி, அவர் உதைத்ததும் சமர்த்தாக ஓடுகிறது. மனுஷன் என்ன செய்வார்? பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அப்புறம் ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான சிடிஐ யூனிட்டையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் “இனிமே வராது சார்.” ஒவ்வொரு தடவையும் காட்டூரில் வந்தது. கடைசியில் “பெட்ரோல் சரியில்ல சார், எல்லாம் எத்தனால்” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எத்தனால் மேல் பழி போடுவது இப்போது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கே கொண்டுவந்துவிட்டார்கள். 1999-இல் இந்த எஞ்சினைச் செய்தவர்கள் அதை மனதில் வைத்துச் செய்திருக்க முடியாது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டின் துளை அதற்குத் தகுந்தபடி மாறாது. அதனால் கலவை லீன் ஆகும், அதாவது ஆக்சிஜனுக்குத் தகுந்த எரிபொருள் இருக்காது, எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். பழைய ரப்பர் வாஷர்களும் ஊறிப்போகும். எல்லாம் சரி. ஆனால் ஸ்பார்க்கே வராத வண்டிக்கு பெட்ரோலைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

ஸ்பார்க் வரவில்லை என்பது எப்படித் தெரிந்தது என்றால், வண்டி நின்ற இடத்திலேயே சூட்டோடு சூடாகப் பார்த்ததால்தான். முதலில் டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகும், வண்டியும் ஓட ஆரம்பித்துவிடும். இதில் உஸ் இல்லை. மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டு அடுத்த வேலை. எஞ்சினில் இருக்கிற பிளக்கைக் கழற்றாமல், அதன் கேப்பை மட்டும் உருவி, கையில் இருக்கும் இன்னொரு பிளக்கில் மாட்டி, எஞ்சின் ஹெட்டின் உலோகத்தில் அது நன்றாகத் தொடுகிற மாதிரி வைத்து உதைக்க வேண்டும். வெயிலில் தெரியாது, நிழல் விழுகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். ஆறிய எஞ்சினில் நீலமாகச் சடசடவென்று அடித்தது, காட்டூர் ரோட்டோரத்தில் ஒன்றுமே இல்லை. புது பிளக்கிலும் இல்லை என்றால் கோளாறு பிளக்குக்குப் பின்னால். கார்புரேட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

இந்தத் தலைமுறை வண்டிகளில் எனக்குப் பிடித்ததே இதுதான். இக்னிஷனுக்கு பேட்டரி வேண்டாம். எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டுக்குள் ஒரு காயில் கரண்ட் கொடுக்கிறது, ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று பிக்கப் காயில் நேரம் சொல்கிறது, சிடிஐ அதை இக்னிஷன் காயிலுக்குத் தள்ளுகிறது. அவ்வளவுதான் குடும்பம். பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் ஓடும். இவற்றில் சிடிஐ எஞ்சினை விட்டுத் தள்ளி இருக்கிறது. மேக்னட் காயிலும் பிக்கப்பும்தான் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வேகின்றன. சூட்டில் வரும் கோளாறை சூடு படுகிற இடத்தில்தானே தேட வேண்டும்?

மெக்கானிக்கிடம் சொல்லி மேக்னட் கவரைக் கழற்றி, பிக்கப் காயிலை வீட்டுக்கு எடுத்துவந்தேன். சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர், மகளின் ஹேர் டிரையர், சாப்பாட்டு மேஜை. ஆறிய நிலையில் 110 ஓம் காட்டியது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. டிரையர் காற்றில் எண் நிதானமாக ஏறியது. 115, 120, 126. திடீரென்று எண்ணே காணோம். மீட்டரின் இடது ஓரத்தில் “1” மட்டும். அதாவது கம்பி அறுந்திருக்கிறது. டிரையரை அணைத்து ஃபேனுக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதே “1”. அப்புறம் டக்கென்று 118. ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் மறுபடி “1”. தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி உள்ளே எங்கோ விட்டிருக்கிறது. ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொள்கின்றன, சூட்டில் விரிந்தால் விலகிவிடுகின்றன. இத்தனை மாதக் கோபமும் அந்த ஒரு “1”-ஐப் பார்த்ததும் போய்விட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு டிரையரைப் பற்றித்தான் கவலை.

புது காயில் சில நூறு ரூபாய்தான், கடையில் கேட்டவுடன் கிடைத்தது. அதற்கு முன்னால் மற்றதற்கெல்லாம் செலவழித்ததை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் படிப்பார்கள்.

எல்லா வண்டிக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பார்க் ஒழுங்காக வந்தும் சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை, கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்குகிறது என்றால் வால்வைத் தள்ளித் திறக்கிற டாப்பட்டைப் பாருங்கள். டாப்பட் சத்தம் போட்டால் நம் ஆட்கள் உடனே டைட் வைக்கச் சொல்வார்கள். கொஞ்சம் சத்தம் போடுகிற டாப்பட்டால் பெரும்பாலும் காதுக்குத்தான் தொந்தரவு. சத்தமே இல்லாத டாப்பட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். டாப்பட்டுக்கும் வால்வுக்கும் இடைவெளி போதாமல் இருந்தால், சூட்டில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் போகும், அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வு கருகி ஹெட் வேலையில் வந்து நிற்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் அளந்து வைக்க வேண்டும். வண்டி சூடாக இருக்கும்போதே ஸ்பேனரைப் போடுகிற அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், அலுவலக நண்பர் ஒருவர் இதே மாடல் ஒன்று 18,000 ரூபாய்க்கு வருகிறது, சிங்கிள் ஓனர், வாங்கலாமா சார் என்று கேட்டது. பார்க்கப் போவதானால் மத்தியான வெயிலில் போங்கள் என்றேன். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். ஆறியிருந்தால் ஒரு உதை உதைத்து, நல்ல தூரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் விற்பவரிடம் ஊர்க்கதை பேசுங்கள். ஓடும்போது காற்று பட்டு எஞ்சின் கொஞ்சம் தாங்கும். நின்ற பிறகுதான் உள் சூடு காயில்களில் ஏறும். அந்த நேரத்தில் உதைத்து ஸ்டார்ட் ஆனால்தான் விலை பேச வேண்டும்.

சரி, வாங்கலாமா? மேஜையில் ஹேர் டிரையர் வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடிகிற வண்டி இனி வராது. காயில் மாற்றிய பிறகு துவாக்குடி வரை ஒரு வெட்டுக்கூட இல்லை. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க அலைய வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது தலை காட்டும். இன்று காலை கியர் ஷாஃப்டுக்குக் கீழே தரையில் ஆயில் சொட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.