அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பில்லில் புது கண்டன்சர், வண்டியில் பழையது

காரைக்குடி வட்டாரத்தில் பெட்ரோல் அம்பாசிடரையும் பத்மினியையும் விற்க மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பச்சி வாங்கிய அம்பாசிடருக்கு இங்கே ஒரு பட்டறையில் நடந்தது இது.

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். பிள்ளையார்பட்டி போய்த் திரும்பும்போது, மதிய வெயிலில் குன்றக்குடி பக்கம் திணறி நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஆத்தாவை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பது பெரிய வேதனை.

பட்டறைக்காரர், "வெயிலுக்குப் பெட்ரோல் ஆவியாகி அடைக்குதுண்ணே. கார்புரேட்டரைக் கழட்டணும். காயிலும் போச்சு, பாயின்ட், கண்டன்சர் எல்லாம் மாத்திடுவோம்" என்றார். (காயில்தான் பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது. பாயின்ட் என்பது காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டுவிட்டு வெட்டும் சுவிட்ச். கண்டன்சர் அதோடு சேர்ந்த சின்னச் சாமான்.) ஆறிக் கிடந்த வண்டியைப் பார்த்தே சொன்னார். சூட்டில் நிற்கும்போது ஸ்பார்க் வருகிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பில் 11,400 ரூபாய். அடுத்த வாரமே வண்டி பழையபடி நின்றது, முன்னைவிட மோசமாக.

அப்புறம் தேவகோட்டையில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நின்ற இடத்திலேயே, பாயின்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். சாவியைப் போட்டுப் பாயின்ட்டைப் பிரித்தால், பாயின்ட் முனையிலேயே பெரிய பொறி பறந்தது. காயில் ஒயரில் வந்ததோ மஞ்சளாக, வலுவில்லாத பொறி. பாயின்ட் பிரியும்போது அந்தக் கரண்ட்டைக் கண்டன்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கிடைக்கும். கண்டன்சர் சூட்டில் கைவிட்டால் பாயின்ட் கருகும், வண்டி நிற்கும்.

பில்லில் புது கண்டன்சருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது பழையது. எங்கள் டிரைவர் எப்போதோ அதன் ஒயரில் சுற்றிய நீல டேப் அப்படியே இருந்தது! இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் அது. அதில்கூடவா ஏமாற்ற வேண்டும்?

காயில் விஷயம் இன்னும் கொடுமை. எங்கள் வண்டிக்கு, காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் வெளி ரெசிஸ்டர் கிடையாது. காயிலின் பிரைமரி, அதாவது பேட்டரி கரண்ட் போகும் சுற்றின் தடை, சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். அவர்கள் போட்டது ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய 1.5 ஓம் காயில். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர். காயில் கொதித்தது, புதுப் பாயின்ட்டும் தீய்ந்தது. கழற்றிய பழைய காயிலைக் கேட்டால், "காயலான் கடைக்குப் போயிருச்சுண்ணே" என்கிறார்கள். 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. அந்தக் காலத்து நல்ல சாமான் போனால் போனதுதான்.

ஆகவே, சூட்டில் நிற்கும் வண்டியை நின்ற நிலையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். காயில் ஒயரை, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், உறை போட்ட பிளையரால் பிடித்து என்ஜின் உடம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிவைத்து செல்ஃப் அடித்தால், சடசடவென்று நீலப் பொறி வர வேண்டும். வந்தால் மட்டும் பெட்ரோல் பக்கம் போகட்டும். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் காயிலை மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.