அறுப்பு மெஷின் கணக்குக்கு எஸ்கியூலைட்: பல பருவம் ஓட்டிய அனுபவம்

திருவாரூர் மாவட்டத்தில் கதிர் அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு சின்ன வெப் சர்வீஸ் நடத்தி வருகிறேன். எந்த வயலுக்கு எந்த வண்டி போகிறது, பெல்ட்டா டயரா, எத்தனை மணி நேரம் ஓடியது, வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு, இவ்வளவுதான் அதன் வேலை. பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க் என்ற வெப் கட்டமைப்பு, டேட்டாவைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ், வாடகைக்கு எடுத்த ஒரு சாதாரண சர்வர். குறுவை, சம்பா என்று பல அறுவடைகளை இது பார்த்துவிட்டது. எஸ்கியூலைட்டை நம்பி ஒரு உண்மையான சர்வீஸ் நடத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக நடத்தலாம். ஆனால் அது தானாகச் செய்யாத சில காரியங்களை நாம்தான் செய்ய வேண்டும்.

ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட மென்பொருள் இது. பதிப்புரிமை எதுவும் இல்லாமல் பொதுவில் விடப்பட்டது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், பின்னால் தனியாக ஓடும் புரோகிராம் கிடையாது. ஒற்றை ஆளாகப் பராமரிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

முதலில் மாற்ற வேண்டியது ஜர்னல் மோட், அதாவது மாற்றங்களை எஸ்கியூலைட் எப்படிக் குறித்துவைக்கிறது என்ற அமைப்பு. அதை ‘வால்’ (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) என்று வைத்துவிட்டால், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். 2010-ல் இருந்தே இந்த வசதி இருக்கிறது. ஒருமுறை வைத்தால் ஃபைலிலேயே நிலைத்துவிடும். ஒரு டேபிளில் குறிப்பிடும் பதிவு இன்னொரு டேபிளில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனை அப்படியில்லை. பொதுவாக அது அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நாம் போட வேண்டும். எழுதுவது எப்போதும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பதால், ஒன்றாக முடிய வேண்டிய எழுத்துவேலைகளின் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷனைச் சுருக்கமாக வைக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலையை அதற்குள் வைக்கவே கூடாது. எஸ்.எம்.எஸ். சர்வர் தாமதித்தால் மற்றவர்களின் பதிவுகள் எல்லாம் காத்து நிற்கும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது அடுத்த விஷயம். வரப்பில் நின்று டிரைவர் ‘சேமி’ பட்டனை அழுத்துகிறார். சர்வரில் பதிவாகிவிட்டது, ஆனால் பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. போன் மறுபடி அனுப்பும். சர்வர் அதைப் புதுப் பதிவாக எடுத்துக்கொண்டால் விவசாயி தலையில் இரண்டு மடங்கு வாடகை விழும். கோட்டக உள்பகுதிகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், இது எப்போதோ ஒருநாள் நடக்கும் சங்கதி என்று விட்டுவிட முடியாது. வழி எளிது. படிவம் திறக்கும்போதே போன் வேறெதனோடும் மோதாத ஒரு தனி அடையாள எண்ணை (யூயூஐடி) உருவாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். டேபிளில் அந்த எண்ணை வைக்கும் பத்திக்கு, அதாவது நெடுவரிசைக்கு, ஒரே மதிப்பு இரண்டாம் முறை வராமல் தடுக்கும் யுனீக் கட்டுப்பாடு போட்டு, ஏற்கெனவே இருந்தால் எழுதாமல், முதல்முறை தந்த பதிலையே திருப்பிக் கொடுங்கள். மோதல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ வரியை எழுதும்போது அந்தப் பத்தியின் பெயரைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் விட்டால் வேறு பத்தியில் வரும் மோதலும் சத்தமில்லாமல் விழுங்கப்படும்.

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. அப்படி ஒரு நிலையிலும் கணக்கு தொலையாமல் இருக்க, பதிவு முதலில் போனிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் வந்தபின் சர்வருக்குப் போக வேண்டும். மேலே சொன்ன எண் இருப்பதால் தைரியமாகத் திரும்பத் திரும்ப அனுப்பலாம்.

அப்புறம் அளவுகள். இங்கே ஒருவர் மாவில் சொல்வார், இன்னொருவர் ஏக்கரில் சொல்வார். எங்கள் பக்கக் கணக்கில் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா என்றால் 43,200 சதுர அடி. ஏக்கரோ 43,560. பேச்சில் இரண்டும் ஒன்றுதான், பணம் என்று வரும்போது ஒன்றில்லை. அதனால் சதுர அடியை முழு எண்ணாக ஒரு பத்தியிலும், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே இன்னொரு பத்தியிலும் வைக்கிறேன். பணம் பைசாவில், அதுவும் முழு எண்ணாக. மணி மீட்டரில் தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் வைத்திருந்தால் தகராறு வரும்போது காட்டலாம். எஸ்கியூலைட் எண் பத்தியில் எழுத்தையும் அனுமதிக்கும். 2021-ல் 3.37 பதிப்போடு வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ டேபிள் அதைத் தடுக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் கட்டாயம் அதையே பயன்படுத்துங்கள்.

நேரத்திலும் கவனம் தேவை. ‘கரண்ட் டைம்ஸ்டாம்ப்’ தருவது யூடிசி எனும் உலகப் பொது நேரம். நம் ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மழைக்குப் பயந்து ராத்திரி ஒரு மணிக்கு ஓடிய வண்டியின் கணக்கு முந்தைய நாளில் போய் விழும். யூடிசியில் சேமியுங்கள், நாள்வாரியாகக் கூட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ் ஊர்ப் பெயர்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ‘கொரடாச்சேரி’யில் இருக்கும் ‘கொ’வின் குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. உள்ளே வரும்போதே பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ கொண்டு என்எஃப்சி என்னும் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தேடல் சரியாகும். வரிசையும் அப்படித்தான்: யூனிகோடில் ழகரம் வகரத்துக்கு முன்னால் நிற்கிறது. பெயர்ப் பட்டியல் அகரவரிசையில் வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) எழுத வேண்டியதுதான்.

பேக்கப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை வெறுமனே காப்பி எடுக்காதீர்கள். கடைசியாக எழுதியவை பக்கத்திலுள்ள ‘வால்’ ஃபைலில் இருக்கலாம். ‘வேக்யூம் இன்டூ’ கட்டளை அல்லது பைத்தானின் பேக்கப் வசதி பாதுகாப்பானது. எடுத்ததை வேறு ஊரில் உள்ள சர்வருக்கு அனுப்பி, அவ்வப்போது திறந்தும் பாருங்கள்.

இது ஒத்துவராத இடமும் உண்டு. இரண்டு மூன்று சர்வர்கள் ஒரே டேட்டாபேஸில் எழுத வேண்டுமென்றால் தனி சர்வராக ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான் சரி. நெட்வொர்க் டிரைவில் ஃபைலை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ‘வால்’ மோட் அங்கே வேலை செய்யாது. எங்களுக்கு அந்தத் தேவை இன்னும் வரவில்லை. வந்தாலும் யூயூஐடி, சதுர அடி, பைசா எல்லாம் அப்படியே புது டேட்டாபேஸுக்குப் போய்விடும்.