டோக்கியோ ஷின்ஜுகுவில் 26,056 யென் போச்சு: "அந்தக் கடை ஃபுல்" என்று சொல்பவனை நம்பாதீங்க

நேற்று சனிக்கிழமை ராத்திரி நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டோக்கியோவுக்கு முதல்முறை வருகிறவர்களுக்காக விரிவான பதிவு ஒன்று போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது இருக்கட்டும், முதலில் இதைப் படிங்க.

இரண்டு பேர், இரண்டு மணி நேரம், பில் 26,056 யென். நியாயமான கடையாக இருந்தால் 9,000 யெனுக்குள் முடிந்திருக்கும்.

கடைப் பெயரைப் போடவில்லை. போட்டும் புண்ணியமில்லை; ரிவியூ கெட்டுப்போனதும் பெயர்ப்பலகையை மாற்றிவிடுகிற ரகம் இது. வகையை மட்டும் சொல்கிறேன்: பல மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் இசகாயா. மதுவும், கூடவே சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடும் கிடைக்கும் இடம். ஷின்ஜுகு ஸ்டேஷன் கிழக்கு வாசலில் இறங்கி யாசுகுனி சாலையைத் தாண்டினால் வரும் கபுகிச்சோ பகுதி.

கபுகிச்சோ என்றதும் "பொண்ணுங்க இருக்கிற பாருக்குப் போயிருப்பான், நல்லா வேணும்" என்று நினைப்பீர்கள். அங்கே லட்சக்கணக்கான யெனில் பில் போடும் பார்கள் இருப்பது ஊரறிந்த விஷயம். இது வேறு. இதில் மாட்டுகிறவர்கள், ஒழுங்கான கடையைத் தேடிப் போகிறவர்கள். எல்லோருக்கும் தெரிந்த பெரிய செயின் இசகாயா ஒன்றுக்குத்தான் கிளம்பினோம்.

அந்தச் செயினின் கிளை நாலாவது மாடியில். இங்கே பெரும்பாலான கட்டடங்களில் தளத்துக்கு ஒரு கடை. வெளியே நெட்டுக்குத்தாக பலகைகள், உள்ளே ஒரே ஒரு லிஃப்ட். மேலே இடம் இருக்கிறதா இல்லையா என்று தெருவில் நின்றால் தெரியாது. அதுதான் தெருவில் ஆள் பிடிப்பவர்களுக்கு முதலீடு. லிஃப்ட் வாசலில் கறுப்பு டி-ஷர்ட், இடுப்பில் ஏப்ரன், கையில் லேமினேட் செய்த மெனு, காதில் இயர்ஃபோன் என்று ஒரு பையன். பார்த்தால் அந்தக் கடை ஆள் மாதிரியே இருப்பான். "எந்தக் கடைக்கு?" என்று கேட்டான். பெயரை நாமே சொன்னோம். அங்கேயே முடிந்தது கதை.

கண் முன்னாலேயே போன் போட்டான். பணிவாகப் பேசினான், போனைப் பார்த்தே தலை குனிந்து கும்பிடு வேறு. வைத்துவிட்டு, "மன்செகி" என்றான். இடமில்லை, தொண்ணூறு நிமிஷம் ஆகுமாம். உடனே அடுத்த வார்த்தை "கெய்ரெத்சு". அதே நிறுவனத்தின் இன்னொரு கடை, அதே மெனு, இரண்டு நிமிஷ நடை, இரண்டு மணி நேரம் அளவில்லாமல் குடிக்கும் நோமிஹோதாய் ஆளுக்கு 2,980 யென். அவன் யாருக்குப் போன் போட்டான் என்று யார் கண்டது? லிஃப்டில் ஏறி 4 என்ற பொத்தானை அமுக்கியிருந்தால் போதும். அமுக்கவில்லை.

பில் வந்தபோது துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டும். "மெய்சாய் குதசாய்", அதாவது விவரப்பட்டியல் கொடுங்கள் என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் பிரித்துக் கொடுத்தார்கள். நோமிஹோதாய் 5,960. கேட்காமலே வைத்த ஒதோஷி ஆளுக்கு 980. மேசைக் கட்டணம் ஆளுக்கு 1,500. வார இறுதிக் கட்டணம் ஆளுக்கு 1,000. ஒருவர் குறைந்தது மூன்று தட்டு வாங்கியாக வேண்டும் என்ற விதிப்படி, தட்டு 980 வீதம் ஆறு தட்டுக்கு 5,880. ஆக 18,800. அதன் மேல் 20 சதவீதம் சர்வீஸ், 22,560. அதன் மேல் 10 சதவீதம் நுகர்வு வரி, 24,816. அதற்கும் மேலே கார்டில் கட்டினால் 5 சதவீதமாம். 26,056.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒதோஷி மோசடி அல்ல. உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் வரும், வழக்கமாக 300 முதல் 500 யென். உட்காரும் கட்டணத்துக்கு அது வேறு பெயர். (சைவக்காரர்களுக்கு: அதில் மீனோ மீன் சாறோ இருக்க வாய்ப்பு அதிகம், சாப்பிடாவிட்டாலும் காசு உண்டு. "ஒதோஷி கட்டோ" என்று சொன்னால் சில செயின் கடைகள் விட்டுவிடும்.) சில இடங்களில் 10 சதவீத சர்வீஸும் சகஜம்தான். மோசடி என்பது, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் "இருக்கும்போல" என்று தோன்றுவதை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சதவீதத்தின் மேல் சதவீதம் போடுவது. 2,980 என்று சொன்னவன் பொய் சொல்லவில்லை பாருங்கள், அந்தத் தொகை பில்லில் அப்படியே இருக்கிறது!

கேட்டால் மேனேஜர் மெனுவின் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறார். அடியில் எறும்பு எழுத்தில், ஜப்பானிய மொழியில் மட்டும். ஆங்கில மெனுவில் அந்த வரியே இல்லை. "கூட்டிவந்த பையன் சொன்னானே" என்றால், "அவன் எங்கள் ஆள் இல்லை". நேரத்தையும் கவனியுங்கள். பில் வந்தது பதினொன்றே முக்காலுக்கு. கடைசி ரயில்கள் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் முடிந்துவிடும், பிறகு விடிகாலை நாலரை வாக்கில்தான். டாக்சி என்றால் இரவு பத்து மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். இதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். நின்று சண்டை போட முடியாது.

கட்டிவிட்டு வெளியே வந்து, முதலில் போன கட்டடத்தின் நாலாவது மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பாதி மேசை காலி. வாசலிலேயே "எங்கள் கடைக்குத் தெருவில் ஆள் பிடிப்பவர்கள் கிடையாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கூட வந்த மச்சான் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்துச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை.

கோபானுக்கு, அதாவது தெருமுனை போலீஸ் சாவடிக்குப் போனோம். அடித்தார்களா? இல்லை. வெளியே விடாமல் தடுத்தார்களா? இல்லை. அப்படியானால் "மின்ஜி ஃபுகைன்யூ": காசு விவகாரம், போலீஸ் தலையிடாது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள். தெருவில் ஆள் பிடிப்பதற்கு ஷின்ஜுகு வார்டில் 2013 முதல் தடை இருக்கிறது. ஆனால் அது ஆள் பிடிப்பதற்குத்தான், மேலே போடும் பில்லுக்கு இல்லை. பையன் அதற்குள் எங்கேயோ. "ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டேதானே இருக்கிறோம்" என்றார் அதிகாரி. உண்மைதான், ஆள்பிடிப்பவர்கள் பின்னால் போகாதீர்கள் என்று அந்தத் தெருவில் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் கீழே நின்றுதான் அவனும் பேசினான்.

கார்டு கம்பெனி இன்னும் மேல். பின் நம்பர் நீங்களே போட்டது, ஆகவே நீங்கள் ஒப்புக்கொண்ட தொகை, கடையிடம் பேசுங்கள். கார்டுக்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கடைக்கு ஒப்பந்தப்படி உரிமையில்லை என்று சண்டை போட்ட பிறகு, அந்த 1,240 யெனை மட்டும் விசாரிக்கிறார்களாம். போனது 26,056.

அவசரத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன். தெருவில் பேச்சுக் கொடுப்பவனிடம் கடைப் பெயரைச் சொல்லாதீங்க. அவன் என்ன சொன்னாலும் நேரே லிஃப்டில் ஏறிக் கடை வாசலில் கேளுங்க. கடைசிப் பக்கத்தை ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படிங்க, எழுந்து வருவதற்கு அதுதான் நேரம். பில் தகராறு என்றால் பின் நம்பரைப் போடுவதற்கு முன்னால் "கோபானில் பேசலாம் வாங்க" என்று கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்க. வெளியே விடாவிட்டாலோ மிரட்டினாலோ போலீஸ் எண் 110. மொழி உதவிக்குப் பயணிகளுக்கான அரசு உதவி எண் 050-3816-2787, 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். ரசீதை விடாதீங்க: 2023 அக்டோபரிலிருந்து வரிப்பதிவு செய்த கடைகளின் ரசீதில் T என்ற எழுத்தோடு 13 இலக்க எண் இருக்கும், அதை வரித்துறைத் தளத்தில் போட்டால் பலகைக்குப் பின்னால் இருக்கும் நிறுவனப் பெயர் வரும்.

எங்கள் ரசீதில் அந்த எண் இல்லை.