மதர்போர்டு மாறியது, உபுண்டு எங்கும் போகவில்லை

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் தம்பி ஒருவர் புது மடிக்கணினி வாங்கியிருக்கிறார். "அண்ணே, விண்டோஸோடு லினக்ஸும் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் உடனே போடச் சொல்லியிருப்பேன். இப்போது விண்டோஸும் உபுண்டு என்ற லினக்ஸும் இருக்கும் என் மடிக்கணினி பழுதுபார்ப்புக்குப் போய் வந்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

வாரண்டியில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். கவுண்டரிலேயே ஆன் செய்து பார்த்தேன். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. கொடுத்ததும் நேராக விண்டோஸ். விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் கிரப் மெனு தலைகாட்டவே இல்லை. "லினக்ஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணித்தான் போடணும்" என்றார் அங்கிருந்தவர். போர்டு போனதில் எனக்கு வருத்தமில்லை, இந்தப் பதிலில்தான் கோபம் வந்தது. எஸ்எஸ்டி வட்டை யாரும் தொடவில்லையே, அதில் இருந்தது எப்படிப் போகும்?

எதை முதலில் பூட் செய்வது, அதாவது தொடங்குவது, என்ற பட்டியல் மதர்போர்டில் உள்ள என்விரேம் என்ற நினைவகத்தில் இருக்கிறது. போர்டோடு அதுவும் போய்விட்டது. புது போர்டு விண்டோஸ் பூட் மேனேஜரைத் தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டது. உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் ஷிம் கோப்போ, எஸ்எஸ்டியில் பூட் கோப்புகளுக்கென்று இருக்கும் அதே இஎஃப்ஐ பார்ட்டிஷனில், பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உபுண்டு யூஎஸ்பியில் பூட் செய்து, பூட் பட்டியலைத் திருத்தும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளைக்கு வட்டு, பார்ட்டிஷன் எண், ஷிம் இருக்கும் இடம் மூன்றையும் கொடுத்தேன். ஒரே வரிதான். ரீஸ்டார்ட் செய்ததும் மெனுவின் முதல் வரியில் உபுண்டு, கீழே விண்டோஸ். அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. இதற்கா ஃபார்மட்?

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பலருடைய லினக்ஸை பூட் ஆகவிடாமல் செய்தது உண்மை. ஆனால் இந்தத் தடவை விண்டோஸ் மேல் பழி போட மாட்டேன். என் எரிச்சலெல்லாம் இந்த மடிக்கணினியின் பயாஸ் மேல்தான், அதாவது மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள் மேல். பயாஸ் அப்டேட் வரும்போதெல்லாம் வரிசையை மாற்றி விண்டோஸை மேலே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

அப்புறம் கடிகாரம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு வித்தியாசம் 8 மணி நேரம். இரவு 8 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் நண்பகல் 12 என்று நிற்கும். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

உபுண்டு இல்லாமல் எனக்கு வேலை ஓடாது, என் மடிக்கணினியில் இரண்டும் இருக்கத்தான் போகின்றன. ஆனாலும் தம்பி, ஒரே எஸ்எஸ்டியில் இரண்டையும் போடாதீர்கள். எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருந்தால் தனி எஸ்எஸ்டி வாங்கி, லினக்ஸையும் அதன் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். எப்படியானாலும் அந்த 48 இலக்க கீயை இன்றைக்கே தாளில் எழுதி வையுங்கள்.